மல்லாந்த ஆடும் டைனாவின் ஓட்டமும்

எங்கள் ஸ்கெல்காத் பள்ளத்தாக்கில் மழை பெய்யாத நாளில் வம்பு பெய்யும். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் இரண்டும் சேர்ந்தே பெய்தன. காரணம் டைனா டாலன்டையர். ஐம்பத்து மூன்று வயது. காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுவாள், நடுவில் ஆடு பார்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேப்பலில் ஜெபம் முடிந்து வாசலில் எல்லோரும் குடை விரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இந்த வட்டாரத்து மலையுச்சிகள் அத்தனையையும் ஒரே மூச்சில் ஓடித் தொட்டுவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். ஒரே மூச்சு என்றால் இரவு பகல் பார்க்காமல் ஐந்தாறு நாள். பழைய சாதனையை முறியடிக்க வேண்டுமாம். பழைய சாதனை யாருடையது? பக்கத்தில் நின்று குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஏமஸுடையது.

குடை விரியவில்லை. ஏமஸ் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையிலேயே வீட்டுக்கு நடந்தான்.

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? கம்பளி வெட்டற நேரத்துல ஓட்டமா?" என்றான், அடுக்களைக்குள் நுழைந்ததும்.

"இருபத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னால உனக்குப் பிடிச்சப்ப நான் இப்படிக் கேட்டேனா? வாயை மூடிக்கிட்டு சூப் தூக்கிட்டு வரல?"

"அப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு."

"எனக்கு முப்பத்தொண்ணு. நீயும் ஓடறியான்னு ஒரு வார்த்தை யாராவது கேட்டீங்களா?"

ஏமஸ் ஈர பூட்ஸைக் கழற்றினான். கேட்கவில்லைதான். யாரும் கேட்கவில்லை. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் பண்ணையில் பிறந்தவள் டைனா. ஷூ கயிறு கட்டத் தெரியும் முன்பே மலைமேல் போய் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவள். ஆனால் ஊர்த் திருவிழாவில் மலையோட்டப் பந்தயம் வந்தால் அண்ணன்மார் மூன்று பேரும் ஓடுவார்கள், அவள் மூன்று பேரின் மேல்கோட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பெண்பிள்ளைகளுக்கு அப்போது பந்தயம் கிடையாது. அதே மலைக்கு வாரநாளில் அவள் அண்ணன்களுக்கு முன்னால் ஏறி, ஆட்டோடு இறங்கியும் இருப்பாள். அதெல்லாம் வேலைக் கணக்கு.

ஏமஸ் சாதனை படைத்தபோது எடுத்த படம் பப்பில் கணப்புக்கு மேலே இன்னும் தொங்குகிறது. நனைந்த தாடி, குழிவிழுந்த கண்கள், முகம் நிறையச் சிரிப்பு. படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும், ஃப்ளாஸ்க்கை நீட்டியபடி. அந்தக் கை டைனாவுடையது. பாதை மலையைக் கடக்கிற இடத்தில் எல்லாம் அவள்தான் சூப்போடு நின்றாள். அவன் வரத் தாமதமானால் உச்சிவரைக்கும் ஏறிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். படத்தில் அதற்கு இடமில்லை, கை மட்டும் விழுந்தது.

எங்கள் மலையோட்டத்துக்குக் கோப்பையும் கிடையாது, பரிசும் கிடையாது. இரண்டே வழக்கம். ஒவ்வொரு உச்சியிலும் கூட ஓடிவந்த ஒருவர் 'தொட்டாள், பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, பழைய சாதனைக்காரரே புதியவரோடு வந்து கொஞ்ச தூரமாவது ஓடித் தன் சாதனையைத் தானே ஒப்படைக்க வேண்டும். அப்படி ஓடாதவன் முகத்தில் எந்தப் பண்ணைக்காரனும் விழிக்கமாட்டான். ஆக, ஏமஸ் கடைசிக் கட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

பப்பில் இதையே அவலாக மென்றார்கள். முன்னால் நின்று மென்றவன் ஜாஸ் மோசப், பக்கத்துப் பண்ணைக்காரன். அவனுக்கும் டாலன்டையர் குடும்பத்துக்கும் ஒரே கல்சுவர்தான் எல்லை.

"புருஷன் ரெக்கார்டைப் பொண்டாட்டி முறியடிப்பாளாம், அதுக்குப் புருஷனே சாட்சியாம். என்னப்பா இது, எல்லாம் ஒரே அடுப்படியில பொங்கற பாலா?"

"அவ இடுப்புல கருவி கட்டிக்கிட்டுத்தான் ஓடுவா ஜாஸ். அவ எங்க இருக்கான்னு போன்ல புள்ளி நகரும்" என்றாள் தெல்மா. பள்ளிக்கூடச் சமையல்காரி, டைனாவின் சிநேகிதி.

"நாய் கழுத்துல கட்டிவிட்டாலும் புள்ளி நகரும்டி. தொட்டாளா தொடலையான்னு புள்ளியா சொல்லும்? ஸ்கூல் வேன் ஓட்டறவ அவ. மலைமேல வேன் போகாதுன்னு யாராவது எடுத்துச் சொல்லுங்க."

பப்பே குலுங்கிச் சிரித்தது. மூலையில் ஏமஸ் தன் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவன்போல் குனிந்திருந்தான். தெல்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் பொண்டாட்டிதான்டா அவ. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். ஏமஸ் மெதுவாகச் சொன்னான்: "முடியாதுன்னுதான் நானும் நெனைக்கிறேன். என்னால இன்னொரு தடவை முடியாது. அப்புறம் அவளால எப்படி முடியும்?" அந்த வார்த்தை அன்று மாலையே டைனாவின் காதுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் கிளம்பிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் ஓட்டம். அதற்குப் பிறகு நடந்தது ஓட்டம்தானா என்று டைனாவுக்கே தெரியாது. கால்கள் எங்கோ கீழே யாருடையதாகவோ போய்க்கொண்டிருந்தன, அவள் அவற்றின் மேலே மிதந்தாள். கூட ஓட வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தெல்மா மலையடிவாரங்களில் வேனை நிறுத்தி, பால்சாதத்தில் ஜாம் போட்டு ஊட்டிவிட்டாள். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினால் பாறைகள் வந்தன. கண்ணைத் திறந்தால் கனவு வந்தது.

மூன்றாம் நாள் ஒரு சரிவில் பியானோ நின்றது. மூடி திறந்திருந்தது, மழைத்தண்ணீர் கட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. "நனையுதே, யாராவது மூடுங்க" என்றாள் டைனா. கூட வந்த பையன்கள் சரி சரி என்று தலையாட்டினார்கள். செத்துப்போன அவள் அம்மா ஒரு முகட்டின் நீளத்துக்குக் கயிறு கட்டி வெள்ளைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "அண்ணன்மார் கோட்டுகளைக் கீழ போட்டுட்டியா? நல்லவேளை" என்றாள். டைனாவுக்கு அழுகை முட்டியது, ஆனால் நிற்க நேரமில்லை. வழியெல்லாம் கற்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன. "பெல்ட்டைப் போடு" என்று ஒவ்வொன்றையும் அதட்டிக்கொண்டே போனாள். எதுவுமே அவளுக்கு விசித்திரமாகப் படவில்லை. ஒரு பெரிய, ஈரமான, நிம்மதியான வீட்டுக்குள் நடப்பதுபோலவே இருந்தது.

வீட்டில் ஏமஸ் தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்று போனில் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்ததாக பால்சாதத்துக்குப் பால் எடுக்கப் போன தெல்மா பிற்பாடு சொன்னாள்.

கடைசிநாள் விடிகாலை அவன் வந்தான். சாதனை படைத்தபோது போட்ட பழைய ஓட்டச் சட்டை, வயிற்றில் பிடித்தது. மண்டியிட்டு அவள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினான். "என் முதுகைப் பார்த்துக்கிட்டே வா. வேற எதையும் பார்க்காதே. ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை" என்றான். டைனா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், ஓடினாள், நடந்தாள். நேரம் இழுபறியில் இருந்தது. எங்கும் நிற்காமல் போனால் சாதனை, நின்றால் இல்லை. அது கனவுக்குள்ளும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கடைசி உச்சியின் பேர் ஹாலின் பைக். அதன் கற்குவியலை ஒட்டியே கல்சுவர் ஓடுகிறது. மூடுபனி அப்பிக்கொண்டிருந்தது. டைனா இரண்டு கையாலும் கற்குவியலைத் தொட்டாள். "பார்த்தேன்" என்றான் ஏமஸ். இனி இறக்கம்தான், நேரே ஊர்.

அப்போது பனி ஒரு கணம் விலகியது. சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குப் போகிற வழிக்கு நேர் எதிர்த்திசையில், வெகு கீழே ஓர் ஆடு மல்லாந்து கிடந்தது. நாலு காலும் வானத்தைப் பார்த்து உதைத்தன. பனி மறுபடி மூடிக்கொண்டது.

கம்பளி வெட்டாத ஆடு மழையில் ஊறி மல்லாந்துவிட்டால் தானாகப் புரண்டு எழாது. வயிறு உப்பிவிடும், காக்கை கண்ணைக் கொத்திவிடும். எவருடைய ஆடாக இருந்தாலும், ஜென்மப் பகைவன் ஆடாக இருந்தாலும், பார்த்தவர் போய்ப் புரட்டி நிறுத்த வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சாப்பிடச் சொல்லித் தருகிறார்களா என்ன?

"ஆடு மல்லாந்து கிடக்கு, ஏமஸ்."

"அங்க ஒண்ணும் இல்ல. வா."

"நான் பார்த்தேன். நீ போ, நான் நிமிர்த்திட்டு வரேன்." அவள் சுவரில் ஒரு காலைப் போட்டுவிட்டாள்.

ஏமஸ் அவள் தோளைப் பிடித்து இறக்கினான். அவளைத் தனியே விட்டால் பாறையிலிருந்து காற்றில் காலை வைப்பாள், அந்த நிலையில் இருந்தாள். "நீ இங்கயே நில்லு. அசையாதே. நான் பார்த்துட்டு வரேன்" என்று சுவரைத் தாண்டிப் பனிக்குள் போனான். டைனா நின்றபடியே கொஞ்சம் தூங்கினாள். தூக்கத்தில் யார்யாரோ தெரிந்தார்கள். கண் திறந்தபோது ஏமஸ் எதிரே நின்றான்.

"எழுந்து போயிடுச்சு" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து ஏமஸ் அவளிடம் ஆடு விஷயத்தில் ஒரு பொய் சொன்னதில்லை. அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். ஊர்மண்டபக் கதவை அவள் கை தொட்டபோது, பழைய சாதனைக்கும் புதியதற்கும் நடுவில் ஒரு கோப்பை டீ ஆறுகிற நேரம்தான் இருந்தது. தெல்மா ஓவென்று அழுதாள். டைனா மண்டபத்துத் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் விருந்து. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் வேகவைத்த பெரிய சட்டி, சிவப்பு முட்டைக்கோஸ் ஊறுகாய். டைனா ஏமஸின் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள், வேறு எதற்குள்ளும் அவள் கால் நுழையவில்லை. ஜாஸ் மோசப்பும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"என்னென்னல்லாம் பார்த்தே? சொல்லு சொல்லு" என்று பிடித்துக்கொண்டார்கள். டைனா பியானோவைச் சொன்னாள், பெல்ட் போடாத கற்களைச் சொன்னாள். அம்மாவைச் சொல்லவில்லை. மண்டபம் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

"இதெல்லாம் விடுங்க, கடைசியில ஒண்ணு பார்த்தேன் பாருங்க" என்றாள் டைனா. "ஹாலின் பைக்ல, கல்சுவருக்குப் பின்னால, நம்ம ஜாஸ் மோசப்! தலையில உரச் சாக்கு, கையில சாண்ட்விச், தவளையாட்டம் குந்திக்கிட்டு! அஞ்சு நாள்ல நான் கண்ட கனவுலயே அதுதான் படுமோசம்."

கூரை பறந்துவிடும்போல் சிரித்தார்கள். ஜாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முள்கரண்டி பாதியில் நின்றுவிட்டது. காதுமடல் சிவந்துவிட்டது. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

"அது கனவு இல்ல" என்றான் ஜாஸ். "நான்தான். கையும் களவுமாப் பிடிக்கலாம்னு வந்தேன். விடியறதுக்கு முன்னாலயே ஏறி உட்கார்ந்துட்டேன்." முள்கரண்டியைக் கீழே வைத்தான். "பிடிக்க ஒண்ணும் இல்ல. ரெண்டு கையாலயும் தொட்டா. பத்தடியில இருந்து பார்த்தேன். எவன் கேட்டாலும் சொல்வேன்."

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். ஜாஸ் கையை உயர்த்தி நிறுத்தினான். "அந்த ஆடும் கனவு இல்ல டைனா. என் ஆடு. முதுகுல போட்ட நீல மை அடையாளம் என்னுது. பனியில எனக்குக் கண்ணு தெரியல, நீ சொல்லித்தான் தெரியும். நீங்க இறங்கினதும் போய்த் தேடினேன். இன்னும் உசிரு இருந்தது. ரொம்ப நேரம் முட்டிக்கு நடுவுல பிடிச்சு நிறுத்தி வெச்சிருந்தேன். இப்ப நல்லா இருக்கு."

டைனா மெதுவாக ஏமஸ் பக்கம் திரும்பினாள்.

"எழுந்து போயிடுச்சுன்னியே."

ஏமஸ் சட்டியைப் பார்த்தான்.

"பாவி மனுஷா! ஊரையே கூட்டி என்னைப் பார்த்துச் சிரிச்சவன் ஜாஸ் மோசப். அவன் என் பேச்சை நம்பி இறங்கிப் பார்த்திருக்கான். கட்டினவன் நீ பார்க்கல. பியானோ மாதிரிதான் இதுவும்னு நெனச்சிட்டே, இல்ல?"

"பாதி அப்படித்தான் நெனச்சேன்" என்றான் ஏமஸ். "மீதிப் பாதிக்குப் பயந்துதான் போகல. பத்தடி போய்ப் பனிக்குள்ள நின்னேன். போய்ப் பார்த்து, ஆடு அங்க இருந்துட்டா, இல்லைன்னு உன்கிட்ட என்னால சொல்ல முடியாது. நீ இறங்கிடுவே. எல்லாம் போயிடும். அதான் பார்க்காமலே திரும்பிட்டேன்."

அன்று அவளைத் தடுக்காமல் சும்மா நின்றிருந்தால் போதும், சாதனை அவனிடமே இருந்திருக்கும். அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. டைனாவுக்கும் உறைத்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

"ஆடு செத்திருந்தா?"

"செத்திருந்தா நீ என்னை மன்னிச்சிருக்க மாட்டே" என்றான் அவன்.

"மாட்டேன்தான்" என்றாள் டைனா. மேசைக்கு அடியில் வீங்கிய காலை நீட்டி அவன் கால்மேல் வைத்துக்கொண்டாள். தெல்மா எல்லோருக்கும் இன்னொரு கரண்டி பரிமாற ஆரம்பித்தாள்.

அந்தக் கோடை முழுவதும் டைனாவை விட்டுத் தூக்கம் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தால் மலைக்குப் போய்விடுவாள். ஒருநாள் அப்படித்தான், கண் மூடியபடியே, "ஆடு மல்லாந்து கிடக்கு, ஏமஸ்... மேல, அந்த வேலமரத்துக்கிட்ட" என்று முனகினாள். எங்கள் மலையில் வேலமரமே கிடையாது.

ஏமஸ் செய்தித்தாளை மடித்து வைத்தான். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பூட்ஸை மாட்டினான், கோலை எடுத்தான், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு மேட்டில் ஏறினான்.

அவன் நனைந்து திரும்பியபோது டைனா விழித்திருந்தாள்.

"எங்க போனே இந்த மழையில?"

"ஆடு கிடக்குன்னு சொன்னியே."

"இருந்துச்சா?"

"இல்ல" என்றான் ஏமஸ். "உச்சிவரைக்கும் போய்ப் பார்த்துட்டேன்."