கம்பியை உருவினால் பதினைந்து நிமிடம்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு டிரெய்லர் பட்டறையில் பர்னபாஸ் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். சொந்த ஊரான முட்டத்தில் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் பிரித்துப் பூட்டியவர். இங்கே அவர் பொறுப்பில் வந்தது பிரேக். அதிலும் டிரெய்லரின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் செங்கல் அளவுப் பேட்டரிப் பெட்டி. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று இழுக்கும் வண்டிக்குப் போகும். ஓட்டத்தில் டிரெய்லர் கழன்றுவிட்டால் கம்பி உருவிக்கொள்ளும். உடனே பேட்டரி பிரேக்கைப் பிடித்து டிரெய்லரை நிறுத்த வேண்டும். பத்து வருடத்தில் ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம். தேவைப்படும் அன்று செத்துக் கிடக்கக் கூடாது.

மற்றவர்கள் பெட்டியின் பொத்தானை அழுத்துவார்கள். பச்சை விளக்கு எரிந்தால் கலாஸ், வேலை முடிந்தது. பர்னபாஸ் அப்படி விடமாட்டார். முதலில் வண்டியிலிருந்து மின்சாரம் வரும் பிளக்கைக் கழற்றுவார். பிறகு கம்பியை உருவிவிட்டுப் இழுக்கும் பிக்கப்பை மெல்ல நகர்த்தச் சொல்வார். டிரெய்லர் சக்கரம் சுழலாமல் தரையில் தேய்ந்து வர வேண்டும். ஸ்டூலைப் போட்டுப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு இழுத்தாலும் சுழலக் கூடாது. தேறினால் பெட்டியில் டேப் ஒட்டி, தேதி போட்டு, தமிழில் ‘கொள்ளாம்’ என்று எழுதுவார். அவர் ஊரில் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சொல். கேட்பவர்களுக்கு வாசித்தும் காட்டுவார். அவர்கள் அதைக் கம்பெனிப் பெயர் என்று எண்ணி, அலுவலகத்தில் பில் போடும் ஆமிராவிடம் போய் ‘கொள்ளாம் பேட்டரி’ கேட்பார்கள்.

மகள் ஷிஜி துபாயில், கராமாவில் இருந்தாள். ஆஸ்பத்திரிகளுக்கு யுபிஎஸ் பொருத்தும் எஞ்சினீயர். ஒருமுறை பட்டறைக்கு வந்தபோது பேட்டரியில் மீட்டரை வைத்துக் காட்டிச் சிரித்தாள்.

“பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட் காட்டுது. இதுக்கு மேல என்னப்பா வேணும்?”

“சும்மா நிக்கும்ப எல்லாம் காட்டும் மக்கா. இழுத்தாத்தான் அதுக்க கொணம் தெரியும்.”

வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வாள். மூன்று நிமிடம்.

“அப்பா, எப்பிடி இருக்கிய?”

“கொள்ளாம் மக்கா.”

குரல் தெளிவாக இருக்கும். வைத்துவிடுவாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கம்பியை உருவிவிட்டு உட்கார்ந்த அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் பர்னபாஸ் ஸ்டூலிலிருந்து சரிந்தார். இதயம். ஆம்புலன்ஸ் வருமுன் முடிந்துவிட்டது.

ஊரில் அடக்கம் முடித்துத் திரும்பி, அவருடைய பொருள்களை எடுக்க ஷிஜி பட்டறைக்குப் போனாள். கூட வேலை பார்த்த லுக்மான் ஒரு பையை நீட்டினார். காயல்பட்டினத்துக்காரர். பையில் கண்ணாடி, மார்க்கர், ஒரு ஜோடி செருப்பு.

“ரெண்டு மாசமா கேட்டுலேர்ந்து இங்க வாறதுக்குள்ள ரெண்டு எடத்துல உக்காருவாரு தங்கச்சி. டாக்டர்ட்ட போங்கண்ணேன்னா, ‘போவலாம்டே’ன்னு சிரிப்பாரு.”

“என்கிட்ட சொல்லலியே அண்ணே.”

“நீங்க போன் அடிச்சா எந்திரிச்சு நின்னுல்லா பேசுவாரு. மூச்சை நல்லா இழுத்துட்டுத்தான் எடுப்பாரு. வச்சதும் உக்காந்துருவாரு.”

ஷிஜி பையை வாங்கிக்கொண்டாள். மூன்று நிமிடம் எவராலும் நிற்க முடியும். நான்காவது நிமிடம் அவள் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை.

அப்பா கடைசியாகச் சோதித்த டிரெய்லர் பிக்கப்பின் பின்னால் நின்றது. அன்றைய பதற்றத்தில் கம்பியை யாரும் திரும்பச் செருகவில்லை. நான்கு நாள் கழித்து, பேட்டரி முழுக்க வடிந்த பிறகுதான் லுக்மான் கவனித்தார். செருகி, வண்டியில் இணைத்துச் சார்ஜ் ஏற்றியிருந்தார்.

“பச்ச லைட் வந்துருச்சு. நாளைக்கு டிரெய்லருக்காரன் எடுக்க வாறான். குடும்பத்தோட ஹத்தா மலைக்குப் போறானாம்.”

“பிளக்கைக் கழட்டிப் பாத்தியளா?”

“அதெல்லாம் அண்ணன் வேலை…”

அவளே பிளக்கைக் கழற்றினாள். கம்பியை உருவினாள். லுக்மான் பிக்கப்பை நகர்த்தினார். சக்கரம் தேய்ந்தது. ஏழாவது நிமிடம் மறுபடி நகர்த்தச் சொன்னாள். சக்கரம் எந்தத் தடையும் இல்லாமல் உருண்டது.

“அல்லாவே!” என்றார் லுக்மான். “பச்சதானே எரிஞ்சுது!”

புதுப் பேட்டரி வைத்து, சார்ஜ் ஏற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். பிளக். கம்பி. இழுப்பு. ஷிஜி அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினைந்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த நேரம் முழுக்க அவர் பக்கத்தில் ஒருதரம் உட்கார்ந்திருக்கலாம். எழுந்து கேட் வரை நடந்துவிட்டு வாங்கப்பா என்று ஒருதரம் சொல்லியிருக்கலாம். உடனே தெரிந்திருக்கும்.

கடைசி இழுப்பில் சக்கரம் சுழலவில்லை.

டேப் ஒட்டினாள். அப்பாவின் மார்க்கரால் தேதி போட்டாள். கீழே ‘15 நிமிடம்’ என்று எழுதி மார்க்கரை மூடினாள்.

“அண்ணன் ஒரு வார்த்தை எழுதுவாரே தங்கச்சி?”

“அவரு பாத்துட்டு எழுதினாரு அண்ணே,” என்றாள் ஷிஜி. “நான் போன்ல அந்த வார்த்தையக் கேட்டுட்டு வச்சிட்டேன்.”

உருவிய கம்பியைத் திரும்பச் செருகினாள். இரண்டுமுறை அழுத்திப் பார்த்தாள்.