பச்சரிசியில் நான் பிடித்த கை

எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குக் கூரை போட்டுக் கொடுத்தது நான். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. மீசை முளைக்கும் முன்பே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனேன். இன்று கீரிப்பாறை பஸ் போகிற வழியில் ஏழு ஏக்கர் ரப்பர் என் பெயரில் நிற்கிறது. ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. பெருமை அடிக்கிறான் என்பார்கள். பெருமைப்பட இருக்கிறது, அடிக்கிறேன்.

எழுத்து மட்டும் எனக்கு வராது. வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். மற்றதெல்லாம் நான் சொல்ல மருமகள் எழுதுவாள். இதையும் அவள்தான் எழுதுகிறாள்.

விஜயதசமி அன்று எங்கள் பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, சுட்டுவிரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்க வேண்டும். முன்னுக்கு வந்தவன் கை பிடித்தால் பிள்ளையும் முன்னுக்கு வரும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. ஊரில் பட்டம் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் அஞ்சு வருஷமாகக் கூப்பிடுவது என்னைத்தான்.

போன விஜயதசமிக்கு என் மடியில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருத்தி, என் தோட்டத்தில் பால் வெட்டுகிறவளின் மகள். அரிசியைப் பார்த்ததும் இடது கையை நீட்டினாள். பக்கத்தில் நின்ற டீச்சர், பூதப்பாண்டியிலிருந்து வருகிற சின்ன வயசுப் பெண், அந்தக் கையாலேயே எழுதட்டும் என்று மெதுவாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

ரப்பர் மரத்தில் வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிய வேண்டும். கத்தியும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். இடது கைக்காரன் வெட்டினால் பட்டை காயமாகும். அதனால் அப்படி ஒருத்தன் வேலை கேட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். தோட்டத்து நியாயம் அது. அதையே பச்சரிசித் தட்டுக்கும் கொண்டுபோனேன்.

கூட்டத்தில் நின்ற அவள் தாயிடம் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். “இந்தக் கைய வச்சிட்டு இவ மரத்துப் பக்கம் போவ முடியுமா பிள்ளே? எனக்கும் பொறவிலே எடது கையாக்கும். நான் மாத்தல்லியா? நீ மாத்து.”

பிள்ளையின் வலது கை விரலைப் பிடித்து அழுத்தி எழுதினேன். அவள் நெளிந்தாள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

தை மாதம் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வீட்டில் அந்தப் பிள்ளையின் இடது கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டி வைக்கிறார்களாம். அவள் இப்போது எந்தக் கையாலும் எழுதுவதில்லையாம். தாயிடம் கேட்டால், மொதலாளி சொன்னார் என்கிறாளாம். கட்டச் சொல்லி நான் எங்கே சொன்னேன் என்று கேட்டேன்.

“நீங்க சொல்லல்ல ஐயா. ஆனா அவுத்து விடுன்னு நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா.”

எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் புத்தகத்தில் படித்திருக்கலாம், நான் கையை மாற்றிக் காட்டியவன் என்றேன். அவர் சத்தம் உயர்த்தவில்லை.

“மாத்தின பெறவு எத்தன வருசம் ஐயா பள்ளிக்கூடம் போனீங்க?”

ரப்பர் ஷீட் எடுக்க வண்டி வந்திருக்கும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். வண்டி ஒன்றும் வரவில்லை.

மறுநாள் கூரை ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று பள்ளிக்குப் போனேன். தை மாதத்தில் என்ன ஒழுக்கு? பிள்ளைகள் தரையில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் மழை, நேர்க்கோடாக. பிறகு அலை. பிறகு வட்டம். கை பழகிய பிறகுதான் எழுத்தாம். நான் படித்த காலத்தில் எடுத்த எடுப்பில் எழுத்து, தப்பினால் பிரம்பு.

அந்தப் பிள்ளை கடைசியில் இருந்தாள், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“பாட்டா, நான் அந்தக் கையால எழுதல்ல.”

பிறகு வலது கையை எடுத்து மழைக்கு ஒரு கோடு இழுத்தாள். சாக்பீஸ் உடைந்தது. கையைத் திரும்பவும் அடியில் வைத்துக்கொண்டாள்.

நான் கையை மாற்றிய கதையை அம்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் வாத்தியார் என்னையும் இடது கைமேல் உட்கார வைத்தார். கை மரத்துப்போகும். வலது கை எழுதாது. ஒருநாள் சிலேட்டை வாய்க்காலில் எறிந்துவிட்டு ஓடியவன்தான், பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. கத்தி பிடிக்க வலது கை பழகியது. பேனா பிடிக்கப் பழகவே இல்லை. இதைச் சொன்னபோது மருமகள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எழுது என்றேன்.

பள்ளியிலிருந்து நேராக ஷீட் அடிக்கும் கொட்டகைக்குப் போனேன். தாய்க்காரி ரப்பர் பாலை அரித்து, ஷீட்டாக உறையத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கைக்கட்டை அவிழ்த்துவிடு, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். என் வாயால் ஒரு வேலைக்காரியிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் நிமிரவில்லை.

“செரி மொதலாளி.”

மழை வரும், ஷீட்டை உள்ளே எடு என்றால் சொல்கிற அதே செரி. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவளே கேட்டாள்.

“அவளுக்குப் படிப்பு ஏறாமப் போச்சுன்னா, நாளைக்கு வேல கேட்டு வந்தா எடுப்பியளா?”

“எடுப்பேன்.”

“போன மாசம் ஒரு எடது கைக்காரன திருப்பி விட்டியளே.”

இன்னொரு தட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன், அவள் வாங்கி ஊற்றினாள்.

கட்டு அவிழ்ந்துவிட்டது. இடது கையால் மழை போடுகிறாள், அலை பாதி வந்திருக்கிறது என்று டீச்சர் சொன்னார். ஆனால் சாக்பீஸைத் தொடும் முன்பு ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்க்கிறாளாம், நான் நிற்கிறேனா என்று. அந்த வகுப்புக்கு நான் போட்ட கூரை நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் போய்ப் பார்ப்பதில்லை.