மூன்று வீட்டுக்கு ஒரு மீட்டர்

நாள் முழுக்க வெயிலில் வெந்துகிடந்த தெருவின் மேல் சாயங்காலம் தண்ணீர் விழும்போது ஒரு வாசனை கிளம்பும். பாதி மண்ணும் பாதி தாரும் கலந்து, மூக்கின் உள்பக்கத்தைச் சுடுகிற வாசனை. டெல்லி ஜங்புராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி சேத்தி ஆன்ட்டி, ஏப்ரல் பிறந்துவிட்டால் மழை வரும்வரை தினமும் ஐந்து மணிக்கு இரும்புக் கேட்டைத் திறந்துவைத்து, பச்சை ரப்பர் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வாசலை மட்டுமல்ல, எதிர்வீட்டு வாசலையும் தெருமுனை வரைக்குமான சாலையையும் நனைத்துவிட்டுத்தான் ஓய்வார். அதற்கு ‘சிட்காவ்’ என்று பெயர். ஆவி பறக்கும் தெருவில் நாங்கள் செருப்பில்லாமல் ஓடுவோம். அத்தனை தண்ணீருக்கும் ஒரு விலை உண்டு என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை.

தோன்றாததற்குக் காரணம் இருந்தது. முன்வாசலில் பதித்திருந்த தண்ணீர் மீட்டர், நாங்கள் குடிவருவதற்கு வெகு காலம் முன்பே நின்றுபோயிருந்தது. அதன் கண்ணாடிக்குள் பாசி படிந்து, முள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எவ்வளவு செலவழித்தாலும் ‘ஆவரேஜ்’ என்ற பெயரில் ஒரே சின்னத் தொகை வரும், அதை ஆன்ட்டியே கட்டிவிடுவார். கீழ்த்தளத்தில் அவர், முதல் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் நாகர்கோவிலிலிருந்து வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஸ்டெல்லா அக்கா என்று மூன்று குடும்பமும் ஒரே குழாயில் வாழ்ந்தோம். அப்பாவுக்கு ராமகிருஷ்ணபுரத்தில் மத்திய அரசு ஆபீஸில் வேலை. சர்க்கார் குவார்ட்டர்ஸ் வரிசையில் அவர் பெயர் வருகிறவரை அந்த மாடிதான் எங்கள் வீடு. அம்மா திருநெல்வேலிக்காரி. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவளுக்கு டெல்லியில் பிடித்த ஒரே விஷயம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுதான். அரிசியை நாலு முறை கழுவுவாள், சமையலறைத் தரையைத் தினமும் ஊற்றித்தான் அலம்புவாள்.

எனக்குப் பதினொரு வயது நடந்த கோடையில் அந்தப் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றைப் பொருத்தினார்கள். அதே சமயத்தில் தண்ணீர்க் கட்டணத்தையும் மாற்றினார்கள். அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமலேயே அதை அம்மாவுக்கு விளக்கினார். முதல் கொஞ்சத்துக்கு விலை மலிவு, அதைத் தாண்டினால் அடுத்த படி, அதையும் தாண்டினால் இன்னும் பெரிய படி. “மூணு வீடும் ஒரு மீட்டர்ல நிக்கோம். கணக்குக்கு நாம எல்லாரும் ஒரே வீடு. அதனால எப்பவும் உச்சிப் படியிலதான் நிப்போம்” என்றார். அம்மாவுக்குப் படிக்கட்டு விவகாரம் புரிந்ததோ இல்லையோ, முதல் பில் வந்த அன்று ஆன்ட்டி மாடியேறி வந்து இனிமேல் ‘பானி அலக்’, அதாவது வாடகை வேறு தண்ணீர் வேறு, மூன்றில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று சொன்னது நன்றாகப் புரிந்தது.

அந்த வாரத்திலேயே எங்கள் வீடு மாறிவிட்டது. அரிசி கழுவுவது இரண்டு முறையானது, அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போனது. சமையலறைத் தரைக்கு ஈரத்துணி. குளிக்க ஆளுக்கு ஒரு ‘பால்டி’, அதாவது ஒரே ஒரு வாளி. அப்பா ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரைக் கழுவுவதை விட்டுவிட்டு, பழைய பனியனால் துடைக்க ஆரம்பித்தார். சவரம் செய்யும்போது ஓடிக்கொண்டே இருக்கும் குழாய்க்குப் பதில் ஒரு சின்ன மக். கூலரில் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் யாரும் குறைக்கவில்லை. மே மாதத்து டெல்லியில் அதைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. ஸ்டெல்லா அக்கா எதையுமே குறைக்கவில்லை. டியூட்டியிலிருந்து வந்ததும் ஒரு குளியல், தூங்கி எழுந்ததும் ஒரு குளியல் என்ற வழக்கத்தை மாற்ற முடியாது, வேண்டுமானால் தன் பங்கைக் கூட்டிக்கொள்ளட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். எல்லோரையும்விட அதிகமாக விட்டுக்கொடுத்தது சேத்தி ஆன்ட்டிதான். ஒருநாள் ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, கேட் திறக்கவில்லை. பச்சை பைப் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது.

எனக்கு ஒரு பதவி கிடைத்தது. மீட்டரைப் படிக்க அப்பா சொல்லிக்கொடுத்திருந்ததால், ஞாயிற்றுக்கிழமை காலையில் குனிந்து பார்த்து, பக்கத்துச் சுவரில் சாக்குக்கட்டியால் எண்ணை எழுதிவைப்பது என் வேலை. இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்தச் சாக்குக்கட்டி என் தலைக்கு ஏறிவிட்டது. யார் குழாயைத் திறந்தாலும் பின்னால் போய் நிற்பேன். ஸ்டெல்லா அக்காவின் குளியலறைத் தண்ணீர் வடிகுழாயில் விழும் சத்தத்தை நின்று கேட்பேன். “ஏட்டி, நீ என்ன போலீஸா?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது பில் வந்தது. குறையவே இல்லை.

அன்று மாலை மூன்று வீட்டாரும் கீழே முற்றத்தில் கூடினோம். கோபமாக யாரும் பேசவில்லை, ஆனால் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூலர் என்றார் ஆன்ட்டி. கூலர் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது என்றார் அப்பா. ஸ்டெல்லா அக்கா தன் குளியலைத் தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் நான், பெரியவர்கள் யாரும் கேட்காமலேயே, அம்மாவைவிடச் சரளமான என் ஹிந்தியில் சொன்னேன்: செல்வி தினமும் இரண்டு ‘டப்பா’ எடுத்துப் போகிறாள்.

செல்வி மதராசி கேம்ப்பில் இருந்தவள். பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குடிசைகளிலிருந்து எங்கள் மூன்று வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்க வருவாள். விழுப்புரம் பக்கத்து ஊர். வேலை முடிந்து போகும்போது முற்றத்துக் குழாயில் இரண்டு இருபது லிட்டர் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். எடுத்துக்கொள் என்று என்றைக்கோ சொன்னவர் சேத்தி ஆன்ட்டியேதான். விலை இல்லாத காலத்தில் சொன்னது அது. நான் சொன்னதும் முற்றத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். கூலரையும் குளியலையும்விடச் சுலபமான ஒன்று கிடைத்துவிட்டது. அம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை மாடிப்படியில் வைத்து இனிமேல் கேனில் தண்ணீர் எடுக்காதே என்று அம்மாதான் செல்வியிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். செல்வி “சரிக்கா” என்றாள். அன்று இரவு சாப்பிடும்போது அப்பா, “அவ மாசம் பூரா எடுக்கத நம்ம கூலர் பத்துப் பன்னெண்டு நாள்ல குடிச்சிரும்” என்றார். முற்றத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். அப்பா மோரை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார்.

கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலை ஏழு மணிக்கு வரும். அந்த நேரத்தில் செல்வி வேலை வீடுகளில் இருந்தாக வேண்டும். அதனால் வரிசையில் அவள் மகள் சங்கீதா நின்றாள். சங்கீதா எங்கள் தமிழ்ப் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே, நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். டெல்லியில் ஜூலை பிறந்ததும் பள்ளி திறந்துவிடும். திறந்த வாரத்தில் அவள் இரண்டு நாள் பஸ்ஸுக்கு வரவில்லை. அடுத்த வாரம் மூன்று நாள். ஜன்னலோரத்தில் அவள் இடம் காலியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த வருடம் மழையும் வரவில்லை. வானம் வெளுத்தே கிடந்தது. நான் சுவரில் எண்களை எழுதிக்கொண்டுதான் இருந்தேன். கேன்கள் நின்று ஒரு மாதம் ஆகியும் எண்கள் பழைய வேகத்திலேயே ஏறிக்கொண்டிருந்தன.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேத்தி ஆன்ட்டி லுதியானாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், கீழ்வீடு பூட்டியிருந்தது. ஸ்டெல்லா அக்காவுக்கு டியூட்டி. எங்கள் வீட்டில் எல்லாக் குடமும் நிரப்பியாகிவிட்டது. தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் முதலில் முற்றத்துக்கு அடியில் இருந்த தொட்டியில்தான் விழும். அதிலிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுவோம். அன்று கீழ்த்தொட்டியும் நிரம்பி, உள்ளே மிதக்கும் பந்து மேலே வந்து தண்ணீரை அடைத்துவிட்டது. மூடியைத் திறந்து நானே பார்த்தேன். ஆனால் மீட்டரில் சின்னச் சிவப்பு முள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

யாரோ குழாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று மாடிக்கு ஓடினேன். யார் என்று நான் நினைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்: செல்வி என்று நினைத்தேன். அவள் எங்கள் சமையலறையில், வாளித் தண்ணீரில் மக்கால் மொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் இறுக மூடியிருந்தது. முள் ஓடுகிறது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு இறங்கி வந்தாள்.

மீட்டரை அவள் பார்க்கவே இல்லை. அங்கிருந்து தொட்டி வரைக்கும் சுவரோரமாக மெதுவாக நடந்தாள். ஆன்ட்டியின் மல்லிகைப் புதருக்குப் பின்னால், அந்தக் கோடையிலும் கணுக்கால் அளவு புல் தழைத்து நின்ற மூலையில் நின்றுவிட்டாள். அந்தப் புதரைப் பற்றி ஆன்ட்டிக்கு ஏகப் பெருமை.

“பாப்பா, இங்க வந்து நில்லு. காலு பதியுது பாரு. மழையே பெய்யல, இந்த மண்ணு மட்டும் எப்டி ஈரமா இருக்கும்?”

அப்பா பிளம்பரை அழைத்து வந்தார். இரண்டடி தோண்டியதும் குழி தானாகவே நிரம்ப ஆரம்பித்தது. மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் இரும்புக் குழாய் துருப்பிடித்து, கட்டைவிரல் போகிற அளவு ஓட்டை. எத்தனை வருடமாக ஒழுகிக்கொண்டிருந்ததோ. நின்றுபோன மீட்டர் அதைச் சொல்லவில்லை, விலை இல்லாததால் யாரும் கேட்கவுமில்லை.

குழியருகில் செல்வியும் நானும் மட்டும் இருந்தபோது, கேன் விஷயத்தை ஆன்ட்டியிடம் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும். அன்னிலேர்ந்து நீ என் மூஞ்சியப் பாக்கலியே” என்றாள். பிறகு, “நாளைக்கு லாரி இல்ல, சங்கீதா பஸ்ஸுக்கு வரும். எடம் புடிச்சி வையி” என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அதைக் கவனிக்காதவள்போல மாடிக்குப் போய்விட்டாள்.

சேத்தி ஆன்ட்டி ஊரிலிருந்து வந்து, தோண்டிய மண்ணையும் புதுக் குழாயையும் வெகுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மாடியேறி வந்து, அந்தப் பெண்ணைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல் என்று அம்மாவிடம் சொன்னார். அதுவரை ஆன்ட்டி எது சொன்னாலும் ‘அச்சா ஜி’ என்று மட்டும் சொல்லிவந்த என் அம்மா, தன் உடைந்த ஹிந்தியில், “ஆப் ஹீ போலியே” என்றாள். நீங்களே சொல்லுங்கள். எடுக்காதே என்று சொன்னது நான், எடுத்துக்கொள் என்று சொல்வது நீங்களாக இருக்கட்டும் என்பதைச் சொல்ல அவளுக்கு ஹிந்தி போதவில்லை; ஆன்ட்டிக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலை அவரே முற்றத்துக்கு வந்து, செல்வி வேலை முடித்து இறங்கும்வரை மோடாவில் உட்கார்ந்திருந்து சொன்னார். அதற்கு அடுத்த நாள் செல்வி மூன்று கேன்களோடு வந்தாள். ஆன்ட்டி மூன்றாவது கேனைப் பார்த்தார். குழாயடியிலிருந்து விலகி வழிவிட்டார்.

அடுத்த பில் பாதிக்கும் கீழே இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், விலை ஏறியபோது வந்த பழக்கங்கள் பில் இறங்கியபோது போகவில்லை. அம்மா அரிசியை அதன் பிறகு எந்நாளும் இரண்டு முறைக்கு மேல் கழுவவில்லை. அப்பா ஓய்வு பெறும்வரை மக்கில்தான் சவரம் செய்தார். ஸ்டெல்லா அக்கா மட்டும் நிம்மதியாக இரண்டு வேளையும் குளித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் அங்கே போய்விட்டோம். ஜங்புரா வீட்டை இடித்து, தளத்துக்கு ஒரு மீட்டராக நாலு மாடி எழுப்பிவிட்டார்கள். முற்றம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மதராசி கேம்ப்பையும் சமீபத்தில் ஒரு கோடையில் இடித்தார்கள். சிலருக்கு ஊரின் வடகோடியில் நரேலாவில் வீடு கொடுத்தார்கள், செல்வி அவர்களில் ஒருத்தி. சங்கீதாவிடம் நம்பர் வாங்கிச் செல்வியோடு பேசினேன். குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, வேலை வீடுகள்தான் ரொம்ப தூரம் என்றாள். அம்மாவைப் பற்றி, ஸ்டெல்லா அக்காவைப் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, “ஒங்க வீட்ல தண்ணிக்கு எவ்ளோ ஆவுது பாப்பா?” என்று கேட்டாள்.

துவாரகாவில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். தண்ணீர் பணம் மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போய்விடுகிறது. யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.