பால் வற்றிய மாட்டுக்கு வைத்தியம் இல்லை

நெளுக்குளத்தில் பால் கம்பனிக்காரர் நட்ட பெயர்ப்பலகையில் ஒரு மாடு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றது. நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து மாட்டோடு கிடக்கிறவள் நான். சிரிக்கிற மாட்டை ஒருநாளும் கண்டதில்லை. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. படத்தில் இரண்டு வரிசையும் பளபளவென்று இருந்தன. அதைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சண்டை நின்று, பாதை திறந்து, தெற்கில் இருந்து ஆளாளுக்குப் பெட்டியோடு வவுனியாவில் வந்திறங்கிய காலம் அது. அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு மாட்டு டொக்டர் தனியாக வைத்தியம் பார்த்தார். ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை. ஆள் அனுப்பினால் பழைய மோட்டச்சைக்கிளில் பூவரசங்குளத்தில் எங்கள் கொட்டில் வரைக்கும் வருவார். இருப்பதைக் கொடுத்தால் வாங்குவார். இல்லையென்றால் பிறகு பார்ப்பம் என்பார். கம்பனி அந்த அறையையும் வாங்கியது, டொக்டரையும் வாங்கியது. அறைக்குக் கண்ணாடி போட்டார்கள். டொக்டருக்குக் கழுத்தில் ரை கட்டிவிட்டார்கள். மாட்டு டொக்டருக்கு ரை எதற்கு? கன்று இழுக்கவா?

கம்பனிக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அட்டை இருந்தால் டொக்டர் வீடு தேடி வருவார், வைத்தியம் இலவசம். இல்லாதவர் பதிவுக்கு, வருகைக்கு, வாகனத்துக்கு, ஊசிக்கு என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜேர்சிக் கலப்பு மாடு. என் மனுசன் மரத்தால் விழுந்து இடுப்பு உடைந்து படுத்த பிறகு அந்த மாடுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஓடிப்போய் அட்டை எடுத்தேன். நான் எடுத்தது போதாதென்று எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து நாலு பேரையும் எடுக்க வைத்தேன். வாய் ஓயாமல் பெருமை வேறு பேசித் திரிந்தேன்.

கன்று போட்ட மறுநாள் காலை மாடு எழும்பவில்லை. காது இரண்டும் சில்லிட்டிருந்தன. கழுத்தை மடித்து, தலையை விலாவில் சாய்த்துக்கொண்டு கிடந்தது. எனக்குத் தெரியாத வருத்தம் இல்லை அது. கன்று போட்டதும் பால் ஒரேயடியாக இறங்கும்போது உடம்பில் இருக்கிற கல்சியம் எல்லாம் மடிக்குப் போய்விடும். முந்தின மாட்டுக்கு இப்படி வந்தபோது இதே டொக்டர்தான் வந்து ஒரு போத்தல் மருந்தை நரம்பில் ஏற்றினார். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன் மாடு எழும்பி நின்று சாணி போட்டது. மருந்து பிந்தினால் மாடு தப்பாது.

பக்கத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பி வந்தவர், என்னைத் தன் மோட்டச்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். எட்டரைக்கு நெளுக்குளத்தில் நின்றோம்.

“அக்கா, உங்கட அட்டை வேலை செய்யுதில்லை,” என்றாள் முன்மேசையில் இருந்த பெட்டை, கொம்பியூட்டரைப் பார்த்தபடி. “ரெண்டு மாசமாய் நீங்கள் பால் ஊத்தேல்லை.”

“கண்டு போடப்போற மாடு, பிள்ளை. ரெண்டு மாசம் பால் வத்தத்தானே விடோணும்?”

“அது எனக்குத் தெரியாதக்கா. பதினாலு நாள் தொடர்ந்து ஊத்தினால் அட்டை திரும்ப வரும்.”

“விழுந்து கிடக்கிற மாட்டில பதினாலு நாள் கறக்கச் சொல்லுறியோ?”

எந்த மேதாவி எழுதின சட்டமோ! மாடு நன்றாக நின்று கறக்கும் காலத்தில் வைத்தியம் இலவசம். கன்று போடுகிற நேரம், மாட்டுக்கு உண்மையில் டொக்டர் தேவைப்படுகிற நேரம், அட்டை செல்லாது. எழுதியவன் கடைப் பெட்டியில்தான் பால் ஊறுகிறது என்று நினைத்திருப்பான். அதை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைத்த எனக்கும் மண்டைக்குள் ஒன்றும் இருக்கவில்லை.

நானா மடியில் இருந்த கடைக்காசை எடுத்து அட்டை இல்லாதவருக்கான தொகை முழுவதையும் கட்டினார். சீட்டைத் தந்துவிட்டுப் பெட்டை சொன்னாள், வாகனம் வெளியில் போய்விட்டதாம், முதலில் அட்டைக்காரர் வீடுகளுக்காம், மற்றவர்களுக்கு மத்தியானத்துக்குப் பிறகாம்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டொக்டர் வேலை ஒன்றும் இல்லாமல் கதிரையில் இருந்தார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்.

“கல்சியம்தான் பிள்ளை. கெதியாய் ஏத்தோணும்.”

“அப்ப வாங்கோ.”

“கம்பனி வாகனத்திலதான் நான் வெளிக்கிடலாம். வேற வாகனத்தில போனால் வேலை போயிடும்.”

நானா வாசலில் நின்று கெஞ்சினார். “டொக்டர், நான் கொண்டு போய்க் கொண்டு வந்து விடுறன். அல்லாவுக்காக ஏறுங்க.”

டொக்டர் மேசையைப் பார்த்தார். மருந்தையாவது தாருங்கள் என்று கேட்டேன். பழக்கம் இல்லாதவர் வேகமாக ஏற்றினால் மாட்டின் நெஞ்சு நின்றுவிடும் என்றார். அது உண்மைதான். ஏற்றத் தெரிந்த கை சும்மா இருக்கிறதே என்றுதான் எனக்குப் பற்றி எரிந்தது.

“முந்தி நீங்கள் மனுசனாய் இருந்தனீங்கள், டொக்டர்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சாக்கால் முதுகைத் தேய்த்தேன். நானா மூன்று தரம் றோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு மணிபோல மாடு கால்களை ஒருமுறை உதைத்தது. பிறகு மூச்சு இல்லை. நான் வாய்விட்டு அழுதேன். அந்த மாட்டுக்காக நான் அழுதது போல என் மனுசன் விழுந்தபோதுகூட அழவில்லை, அவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

வாகனம் இரண்டரைக்கு வந்தது. டொக்டர் போத்தலோடு இறங்கி, மாட்டின் கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போத்தலைத் திரும்ப வாகனத்தில் வைத்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். செத்தாலும் அதை நிரப்ப வேண்டுமாம். வயது கேட்டார், சொன்னேன். எத்தனையாம் கன்று என்று கேட்டார், சொன்னேன். அடுத்த கேள்வியை வாசித்துவிட்டுக் குரல் இறங்கிப்போய்க் கேட்டார், “இப்ப பால் இருக்கோ?”

“ஓம் எண்டு எழுதுங்கோ,” என்றேன். “நாலு முலையும் நிறைஞ்சு கிடக்கு. உங்கட கம்பனியை வந்து கறக்கச் சொல்லுங்கோ.”

கன்று அப்போது செத்த தாயின் மடியை முட்டி முட்டிக் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை விலக்கவில்லை. டொக்டர் படிவத்தை நிலத்தில் வைத்தார். சட்டைக் கையை மடித்தார்.

“ஒரு செம்பு கொண்டு வா பிள்ளை. சூடு ஆற முதல் கடும்புப் பாலை எடுத்து வைச்சால் கண்டாவது தப்பும்.”

கொண்டுவந்து கொடுத்தேன். ரையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, முழங்காலில் நின்று கறக்கத் தொடங்கினார். கை அதே பழைய கைதான். மஞ்சள் பால் செம்பில் சீறி விழுந்தது.

“இந்தக் கையைக் காலமை கொண்டந்திருக்கலாமே, டொக்டர்,” என்றேன்.

அவர் நாலு முலையையும் கறந்து முடித்தார்.