சரோஜா என்று போட்டிருக்கிறார்கள்

சரோஜா அக்கா போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்...

வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பில் 'சரோஜா, வயது 71' என்று போட்டிருக்கிறார்கள். வயதும் தப்பு. பெயரும் அவருடையது இல்லை.

எண்பதுகளில் மலேசியாவில், சுங்கை பட்டாணி எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து சீட் அவர். திகாம் பத்துவில் நான் ஃபேக்டரி பஸ் ஏறும்போது துணிப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். வேறு யாராவது உட்கார வந்தால் தொலைந்தார்கள்... அந்த வாய்க்கு சூப்பர்வைசரே பயப்படுவார்.

அப்போது என் மூத்தவள் வயிற்றில். கேன்டீனில் எல்லோரும் சேர்ந்து பெண் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம்.

"அக்கா பேரையே வச்சிடுறேன்லா. சரோஜான்னா தாமரை, நல்ல அர்த்தம்" என்றேன். அவருக்கு ஐஸ் வைப்பதாக நினைப்பு எனக்கு.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம். அது செத்த புள்ள பேரு."

அன்றைக்குத்தான் சொன்னார். பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அக்காவின் அப்பா அம்மாவுக்கு முதல் பெண் சரோஜா, மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். தோட்டத்துக்குள்ளேயே புதைத்தார்கள், சாவை எங்கும் பதியவில்லை. அடுத்த மாதம் அக்கா பிறந்தார்.

பெயர் பதிவது எப்படி என்று கேட்கப் போன அப்பாவிடம் தோட்ட ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி சொன்னாராம். "மூத்த புள்ளயோட பொறந்த சூராட் சும்மாத்தானே கெடக்கு. அதையே வச்சுக்க, எதுக்கு அலையிற?"

அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு குழந்தை. எவ்வளவு சுலபமாக வேலையை முடித்துவிட்டார்கள் பாருங்கள்!

பதினைந்து வயதில் கல்யாணம். பத்திரத்தில்தான் பதினெட்டு ஆகிவிட்டதே...

"எனக்குப் பதினஞ்சுதான்னு கத்துனேன். அடையாள அட்டை, அந்த ஐசிய எடுத்துக் காட்டி வாய அடைச்சுட்டாங்க."

அதைக்கூட அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு ஆறாதது வேறு. வருஷா வருஷம் மூத்தவள் இறந்த நாளில் அம்மா படையல் போட்டு அழுவாராம்.

"சரோஜா, சரோஜான்னு என் பேரச் சொல்லித்தான் அழுவாங்க. நான் பக்கத்துலயே நிப்பேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

அந்தக் கிராணியும் இல்லை, அப்பாவும் இல்லை. எனக்கு வந்த கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

சற்று முன் அக்காவின் மகள் போன் செய்தாள். அறிவிப்பில் வயதையாவது சரியாகப் போடச் சொன்னாளாம். ஐசியில் இருப்பதுதான் வர வேண்டும் என்று சித்தப்பா ஒரே பிடிவாதமாம்.

"ஆண்ட்டி, அம்மாவுக்குன்னு பாட்டி வேற பேரு ஏதாச்சும் வைக்க நெனச்சிருந்தாங்களா? அம்மா உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா? பெட்டிய மூடுறதுக்கு முன்ன அதச் சொல்லி ஒரு தடவ கூப்பிடணும்..."

தெரிந்ததைச் சொன்னேன்.

அக்கா ஒருமுறை தன் அம்மாவிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

"யாருக்குடி ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா அரிசி களையப் போய்விட்டாராம்.

போய் வாங்க அக்கா.