அக்கா இறங்கும் தண்ணீர்

மழை ஓயாத இந்தக் கினிகத்தேனையில் வீடு கட்டுகிறவன் முதலில் கூரையைப் பற்றி யோசிப்பான், அடுத்து மழைத்தண்ணீர் ஓடும் கானைப் பற்றி யோசிப்பான். என் மகன் நீச்சல் குளத்தைப் பற்றி யோசித்தான். டுபாயில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறவன் அவன். வீட்டோடு இரண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டால், பென்ஷன் எடுத்த அம்மாவுக்குப் பொழுதும் போகும் என்பது அவன் எண்ணம். குளம் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்றான். குளம் கட்டியும் பெரிதாக யாரும் வரவில்லை. வந்தவர்களும் குளத்தோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, விறைத்துப்போய் உள்ளே ஓடிப் போர்வைக்குள் சுருண்டார்கள்.

லீவு முடிந்து போகும்போது குளத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஒரு வாளி நிறையக் குளோரின் மாத்திரை, அதைப் போட்டு மிதக்கவிட ஒரு டப்பா, தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சோதனைத் தாள். மாத்திரை என்றால் தலைவலிக்குப் போடுகிற மாத்திரை இல்லை. உள்ளங்கை அகலத்தில் தடியாக, வெள்ளையாக இருக்கும். டப்பாவில் போட்டுவிட்டால் ஒரு கிழமைக்கு மெல்ல மெல்லக் கரையும். தாளை முக்கினால் அதிலுள்ள கட்டங்கள் நிறம் மாறும். முதல் கட்டம் இந்த நிறத்தில் இருந்தால் சரி என்று மகன் காட்டித் தந்தான். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஆயுசு முழுக்கத் தமிழ் படிப்பித்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குளத்துக்கு உண்மையில் ஒரு பிரயோசனம் வந்தது அக்கா வந்த பிறகுதான்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா செத்தபோது எனக்கு ஐந்து வயது. பதினாறு வயதில் அக்கா தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். இதை விரித்துச் சொல்லப் போவதில்லை. அவள் போனதால்தான் நான் டீச்சர், அவ்வளவுதான். செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கியே அவளுடைய இரண்டு முழங்காலும் போய்விட்டன. அத்தான் தவறிய பிறகு ஹட்டனுக்கு அப்பால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தாள். ரோட்டிலிருந்து அந்த லயத்துக்கு இறங்க நூறு படிக்கு மேல் இருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர், நெஞ்சளவு தண்ணீரில் தினமும் இருபது நிமிஷம் நடந்தால் நல்லது, தண்ணீருக்குள் உடம்பின் பாரம் முழங்காலில் இறங்காது என்றார். நான் அன்றைக்கே அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிப்பது போலவே பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டி, அதற்கு மேல் என் மகனின் பழைய டீ-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அக்கா குளத்தில் இறங்குவாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பாள். மணிக்கூடு பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு ஜெபமாலை சொல்லி முடித்தால் இருபது நிமிஷம் ஆகிவிடும், அதுதான் அவள் கணக்கு. விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த முணுமுணுப்பு சமையலறைக்குக் கேட்கும். நான் தேத்தண்ணீர் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு மாதத்தில் கைப்பிடியைப் பிடிக்காமல் சமையலறைப் படி ஏறினாள். அதைப் பார்த்து நான் அழுதேன், வெங்காயம் வெட்டுகிறேன் என்று சொன்னேன்.

மூன்றாவது மாதம் தண்ணீர் மங்கத் தொடங்கியது. குளத்தின் ஓரமெல்லாம் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய்க் கோடு. என்னவென்று பார்த்தால், அக்கா இறங்குவதற்கு முன்னால் முழங்காலிலிருந்து பாதம்வரை தைலம் தேய்த்துக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போவதுதான் எங்கள் வழக்கம். பீலித் தண்ணீர் மலையிலிருந்து வரும், மேலே விழும், போய்விடும். அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. குளத்துத் தண்ணீர் எங்கும் போகாது. அந்த வித்தியாசம் முதலில் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. பிறகு ஒன்றிரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தேன், அவள் மறந்துவிடுவாள்.

நான் ஒரு மாத்திரைக்கு இரண்டு போட்டேன். பிறகு மூன்று. தாளின் முதல் கட்டம் சரியான நிறத்தில்தான் இருந்தது, தண்ணீர் மட்டும் கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கிக்கொண்டே போனது. அக்காவின் கண் சிவந்தது. கையிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக அரிப்பு. ஒரு நாள், அடுத்த நாளைக்கு அறைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. வலையை வைத்துக் குளத்தை அரித்துக்கொண்டிருந்தேன். அக்கா தைலம் மணக்க மணக்க வந்து படியில் கால் வைத்தாள். எனக்கு ஏறிவிட்டது.

"எண்ணெயோட எறங்காதன்னு எத்தன தடவ சொல்றது? இது பீலி இல்ல. நீ எறங்கி எறங்கித்தான் இந்தத் தண்ணி இப்புடிக் கெட்டுப்போச்சு."

வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு நாற்பது பிள்ளைகள் அடங்குவார்கள். அக்காவும் அடங்கினாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வைத்த காலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சில நாள் வெளிக் குழாயடியில் சவர்க்காரம் போட்டு, தேங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவிவிட்டு இறங்கினாள். தண்ணீர் அப்படியும் தெளியவில்லை. பிறகு இறங்குவதையே நிறுத்திவிட்டாள். கேட்டால் குளிருகிறது என்றாள். நுவரெலியாப் பனியில் சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தவளுக்குக் கினிகத்தேனை குளிருகிறதாம். ஒரு கிழமை போனதும் இராச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னாள்.

"இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பொறகு நம்ம லயத்து ஆட்டோவ வரச் சொல்லியிருக்கேன். நான் வீட்டுக்குப் போறேன் தங்கச்சி."

"அந்தப் படியெல்லாம் எப்புடி எறங்குவ?"

"எறங்காமலா இவ்வளவு காலம் இருந்தேன்? வெளிநாட்டுக்காரங்க குளிக்கிற தண்ணி அது. நம்ம ஒடம்பு அதுக்கு ஒத்து வராது. நான் வந்த பொறகுதானே கெட்டுப்போச்சு."

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே நினைத்தேன். அதை எழுத இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் மகன் வீடியோவில் வந்தான். தண்ணீரைக் காட்டினேன். தாளை முக்கிக் காட்டச் சொன்னான்.

"அம்மா, நீங்க முதல் கட்டத்த மட்டுமா பாக்குறீங்க? அந்தக் கடைசிக் கட்டத்தப் பாருங்க."

கடைசிக் கட்டம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அது அளவு மீறின நிறம் என்றான் மகன். பிறகு விளக்கினான். மாத்திரைக்குள் குளோரினோடு இன்னொரு மருந்தும் இருக்கிறது, கடைசிக் கட்டம் காட்டுவது அதைத்தான். குளோரினை வெயில் தின்றுவிடாமல் அது குடை பிடிக்கும். குளோரின் வேலை செய்து தீர்ந்துவிடும், குடை தீராது. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு குடை தண்ணீரிலேயே தங்கிவிடும். குடை கூடிப்போனால், எவ்வளவு குளோரின் இருந்தாலும் அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். போதாததற்கு மாத்திரை தண்ணீரைப் புளிக்கவும் வைக்கும். கண் எரிவதும் தோல் அரிப்பதும் அதனால்தான்.

வெயிலைக் காண ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற ஊர் இது. இந்த ஊரில் வெயிலுக்குக் குடை, குடைக்கு மேல் குடை.

"அப்ப பெரியம்மாவோட தைலம்?" என்று கேட்டேன்.

"அது ஒரு சின்ன விசயம்மா. கொஞ்சம் கூடக் குளோரின் போட்டா அது போயிரும். பெரியம்மாவுக்கு என்ன?"

ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

மாத்திரையை அன்றோடு நிறுத்தினேன். தண்ணீரில் இருக்கிற குளோரின் அடங்க ஐந்து நாள் விட்டேன், கான் தண்ணீர் போய் விழும் கீழ் வீட்டுச் சிங்கள அம்மாவின் மரக்கறிப் பாத்தி கருகிவிடக் கூடாதே. பிறகு பாதித் தண்ணீரைக் கானில் திறந்துவிட்டேன். முழுவதும் விடாதீங்க, மழைக்கு நிலம் ஊறிக்கிடக்கும்போது வெறும் தொட்டியைக் கீழிருந்து தண்ணீர் தூக்கிவிடும் என்று மகன் எச்சரித்திருந்தான். மலைக் குழாயைப் போட்டுக் குளத்தை நிரப்பத் தொடங்கினேன். அன்று இரவே மழை பிடித்தது. வட்டவளைப் பக்கத்து மழை ஒரு தரம் பிடித்தால் விடாது. என் குழாய் செய்த வேலையைவிட மழை செய்த வேலைதான் அதிகம்.

திரவக் குளோரின் வாங்க ஹட்டனுக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா கேனைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு எச்சரித்தார்.

"டீச்சர், இது மாத்திரை மாதிரி போட்டுட்டு மறந்துபோற சாமான் இல்ல. ஒவ்வொரு நாளும் ஊத்தணும். நிழல்ல வைங்க, கன நாள் வைக்காதீங்க, வீரியம் போயிரும். மாத்திரை வச்ச வாளி, டப்பா எதுலயும் மட்டும் இத ஊத்திராதீங்க. பொல்லாத பொகை கிளம்பும்."

வீட்டு வாசலில் கேனை இழுக்க முடியாமல் இழுத்தேன். அக்கா வந்து ஒரு கையால் பிடியைத் தூக்கிப் பார்த்தாள். "இருபத்திரண்டு கிலோ" என்றாள். தராசை நம்ப முடியாத காலத்தில் கொழுந்து நிறுத்தவள். கூடையைத் தூக்கினாலே எடை சொல்லிவிடுவாள். அவ்வளவு சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள். துணி மடிக்கிற சத்தம் கேட்டது.

பொழுது சாயும் நேரம், பம்பை ஓடவிட்டு, தண்ணீர் குளத்துக்குள் பாய்ந்து வரும் வாய்க்கு முன்னால் ஒரு போத்தல் அளவு குளோரினை மெல்ல ஊற்றினேன். நாலு சொட்டு என் நீலச் சேலையில் தெறித்தது. அடுத்த நாள் பார்த்தால் நாலு வெள்ளைப் பொட்டு. இப்படியே மூன்று நாள். சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தபோது குளத்தின் அடியில் கிடந்த ஒரு தேயிலை இலையின் நரம்புகூடத் தெரிந்தது. நான் துள்ளாத குறை. அக்காவை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

"பாரு, எப்புடி இருக்கு. எறங்கு."

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது, கால் மட்டும் அசையவில்லை.

"நல்லாயிருக்கு தங்கச்சி. இவ்வளவு பாடுபட்டு வச்சிருக்க. நான் எறங்கித் திரும்ப அழுக்காக்கணுமா?"

தண்ணீரைத் திருத்திவிட்டால் எல்லாம் திருந்திவிடும் என்று நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்காமல் தப்பித்துக்கொள்ள இரண்டு கிழமையாக மாடாய் உழைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாளைக்கு ஆட்டோ வரும். இவள் அந்த நூறு படியை இறங்குவாள், பிறகு ஏறமாட்டாள்.

வீட்டில் உடுத்தியிருந்த கவுணோடு நான் குளத்துக்குள் இறங்கினேன். எனக்கு நீந்தத் தெரியாது. அதுவரை ஒரு நாள்கூட அதற்குள் கால் வைத்ததில்லை. குளிர் எலும்பைப் பிடித்தது. இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பற்றிக்கொண்டு, பல்லுக் கிட்டக் கிட்டச் சொன்னேன்.

"அழுக்கானா ஆகட்டும். சாயங்காலம் ஒரு போத்தல் ஊத்துவேன். அதுக்குத்தான் அத வாங்கினேன். நீ எறங்கலன்னா இந்தக் குளம் எனக்கு எதுக்கு? தண்ணியக் கெடுத்தது நீ இல்லக்கா. என்னான்னு தெரியாம மாத்திரைய அள்ளிப் போட்டுக் கெடுத்தது நான். ஒன்னையத் திட்டினது தப்பு. நீ போகாத."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"மாத்திரைய நீ தெரியாமத்தானே போட்ட" என்றாள்.

"திட்டினது?"

"அது தெரிஞ்சுதான் திட்டின."

கோபமில்லாமல்தான் சொன்னாள். சுவரைப் பற்றியிருந்த என் விரல்களை அவள் ஒவ்வொன்றாக விடுவித்து, கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"நடுங்காத. என்னையப் புடிச்சிக்கிட்டு மெதுவா வா" என்று சொல்லிவிட்டு, ஆழமான பக்கத்துக்கு நடக்கத் தொடங்கினாள்.