நான் குறைத்துவிட்ட குரல்

நான்கு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். பாரிவாக்கத்தில் புதிதாகக் கட்டியிருந்த மண்டபத்தில் எங்கள் குழுவின் வரவேற்புக் கச்சேரி. நான் கீபோர்டு வாசிப்பவன். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எங்கள் பாடகர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தைந்து வருடம் ஒன்றாகத் தொழில் செய்தோம். கோயில் திருவிழா, காதுகுத்து, அம்பத்தூர் கம்பெனிகளில் ஆயுத பூஜை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் என்று எதையும் விட்டதில்லை. கச்சேரி இல்லாத மாதங்களில் அடுக்குமாடி வீடுகளில் பிறந்தநாள் விழாவுக்குப் போவோம். அவர் மிமிக்ரி செய்வார், நான் கரடி உடைக்குள் ஆடுவேன். முகம் தெரியாததால் எனக்கு அது சுலபமாக இருந்தது. "நைனா, கரடிக்குள்ள இருக்கும்போதுதான் நீ மனுஷனா கீறே" என்று சிரிப்பார்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவர் குரல் உடைய ஆரம்பித்தது. குழுவில் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அவர் மிளகு, பனங்கற்கண்டு என்று மாற்றி மாற்றி வாயில் போட்டுக்கொண்டு, சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாரிவாக்கத்தில் இரண்டாவது பாட்டிலேயே குரல் இரண்டு முறை உடைந்தது. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்திருந்த பெண் மேடை ஓரமாக வந்து, "சார், பொண்ணு வீட்ல மூஞ்சி சுளிக்கிறாங்க. ஏதாவது பண்ணுங்க" என்றார்.

எங்களுடையது சின்னக் குழு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரும் என் கையருகில்தான் இருக்கும். லேப்டாப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பதிவு வைத்திருந்தேன். ஒன்றில் இசை மட்டும். இன்னொன்றில் ஒத்திகைக்காக வேறொருவர் பாடிய குரலும் இருக்கும். நான் குரல் உள்ளதைப் போட்டேன். அண்ணாத்தேயின் மைக்கை மண்டபத்து ஸ்பீக்கர்களில் முழுவதும் குறைத்தேன். அவர் காலடியில் அவருக்காக வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில் மட்டும் நன்றாக ஏற்றிவிட்டேன். அவருக்கு அவர் குரல் கேட்டது. கூட்டத்துக்கு வேறொருவர் குரல் கேட்டது.

நல்ல கைதட்டல். மீதிப் பாட்டுகளையும் அப்படியே ஓட்டினேன். கடைசியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி அண்ணாத்தேக்குச் சால்வை போட்டார்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இன்னா கைதட்டு பாத்தியா நைனா? குரல் வந்துடுச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இவ்வளவு சந்தோஷத்தில் எதற்கு, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

ஆடி மாதம் நெமிலிச்சேரியில் அவருடைய தெருவிலேயே அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். சாயங்காலக் கச்சேரி முழுவதையும் தானே பாடுவதாக அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அங்கே மைக்செட் வேறு ஆளுடையது, மிக்ஸர் என் கையில் இருக்காது. கஷ்டமான பாட்டுகளை விட்டுவிட்டு மிமிக்ரி செய்யலாமே என்று சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். "பாரிவாக்கத்துல பக்கத்துலதானே இருந்தே? கேட்டே இல்ல?" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் அம்மன் பாட்டிலேயே, சரணத்தில் குரல் உடைந்தது. திரும்ப எடுத்தார், திரும்பவும் உடைந்தது. முன்வரிசையில் அவர் மனைவி, மகள், புதிதாகச் சம்பந்தம் செய்த மாப்பிள்ளை வீட்டார். பின்னாலிருந்து யாரோ, "அண்ணாத்தே, இன்னும் ரெண்டு சொம்பு கூழ் குட்ச்சிட்டு வா" என்றதும் தெருவே சிரித்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். "அன்னிக்கு மைக்கைக் குறைச்சுட்டியா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அவர் கத்தவில்லை. "மண்டபத்துல குறைச்சே, சரி. வேன்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல நைனா? இன்னிக்கு வேற ஆளப் பாட வுட்டுட்டு நான் மிமிக்ரி பண்ணிகினு இருந்திருப்பேனே" என்றார்.

அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. இப்போது பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என்னைக் கண்டால் நிறுத்தி ஏற்றிக்கொள்வார், வீட்டில் எல்லோரையும் விசாரிப்பார். வண்டியில் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது. பாட்டு மட்டும் போடுவதில்லை.

என் கூச்சத்தால் எனக்குத்தான் நஷ்டம், வேறு யாருக்கும் கெடுதல் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்றும் கச்சேரி முடிந்து வயரைச் சுற்றக் குனியும்போதெல்லாம், என் தோள்மேல் அவர் கை இருப்பது போலவும், நான் சொல்வதற்காக அவர் இன்னும் நின்றுகொண்டிருப்பது போலவும் இருக்கிறது.